உயிலா, செட்டில்மெண்டா, குடும்ப டிரஸ்டா? சொத்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

சொத்துப் பேச்சை எடுத்தாலே "இப்ப அதுக்கு என்ன அவசரம்" என்று மடக்கிவிடும் வீடுகள்தான் அதிகம். எதுவும் எழுதிவைக்காமல் போனாலும் சொத்து அந்தரத்தில் நிற்காது. சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசைப்படி போய்ச் சேர்ந்துவிடும். அது நம் குடும்பத்துக்குச் சரிப்பட்டு வந்தால் எதையும் எழுத வேண்டியதில்லை. சரிப்படாத இடத்தில்தான் உயிலும் செட்டில்மெண்டும் டிரஸ்டும் தேவைப்படுகின்றன. எனவே முதலில் அந்த வரிசையைப் பார்ப்போம்.

ஒரு கற்பனைக் குடும்பம். தமிழ்நாட்டுச் சிறு நகரம் ஒன்றில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடு, ஊருக்கு வெளியே அரை ஏக்கர் நிலம், வங்கியில் கொஞ்சம் டெபாசிட். மனைவி இருக்கிறார், எண்பது வயதைத் தாண்டிய தாயாரும் கூடவே இருக்கிறார். மூத்தவன் சென்னையில் வேலை பார்க்கிறான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கடைசி மகனுக்கு இருபத்தைந்து வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். ஆசிரியருக்கு ஒரு தம்பியும் தங்கையும் உண்டு.

அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டால் வீடு யாருக்கு? "மனைவிக்குத்தான், வேறு யாருக்கு?" என்பார்கள். இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் நால்வகையினரும் ஒன்றாக வருகிறார்கள். எனவே வீடு ஐந்து சம பங்காகும்: மனைவி, தாயார், மூன்று பிள்ளைகள். தந்தை உயிரோடு இருந்திருந்தாலும் அவருக்குப் பங்கு கிடையாது. அவர் இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார்.

தாயாரின் பங்கை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஐந்தில் ஒரு பங்கு அவருடைய சொந்தச் சொத்து. சில ஆண்டுகள் கழித்து அவரும் உயில் எழுதாமல் காலமானால், அது பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பி வராது. அவர் பெற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் போகும். ஆசிரியரின் தம்பிக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, தங்கைக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, மிச்சமுள்ள பதினைந்தில் ஒன்று ஆசிரியரின் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து. இனி அந்த வீட்டை முழுதாக விற்க வேண்டுமானால் சித்தப்பாவும் அத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நல்ல உறவாக இருந்தால் ஒரு நாள் வேலை. இல்லாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு.

கடைசி மகனின் பங்கு இதைவிடச் சிக்கல். அவன் பெயரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொண்டு கையெழுத்திடும் நிலையில் அவன் இல்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பங்கு போனாலும் இதே போன்ற முட்டுக்கட்டைதான். இந்து இளவர் சட்டப்படி, மைனரின் அசையாச் சொத்தைப் பெற்ற தாயே விற்பதானாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும்.

மகளைப் பற்றியும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கு 1956 முதலே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 1989, 2005 என்று அடிபடும் ஆண்டுகள் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அன்றைக்குத் திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும் பொருந்தியது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் "வேண்டியதில்லை" என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. சீர்வரிசை செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்பதெல்லாம் சட்டத்தின் முன் கணக்கில் வராது.

பெண்ணின் பெயரில் உள்ள சொத்துக்கு வரிசையே வேறு. பிள்ளைகள் இல்லாத ஒரு விதவை தன் சம்பளத்தில் ஃபிளாட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்த ஃபிளாட், அவரைப் பெற்ற தாய் தந்தைக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். எந்தக் காலத்திலோ முகம் பார்த்த கொழுந்தனாருக்கு ஃபிளாட். படிக்கவைத்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பிறந்த வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அது தந்தை வழிக்கே திரும்பும். பெண்கள் உயில் எழுதிவைப்பது நல்லது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது இதனால்தான். என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தில் முதலில் மாற்ற வேண்டிய பிரிவு இதுதான்.

உயில்

உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் காகிதம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம், வீட்டை விற்றும் விடலாம். நடைமுறையில் இதைவிட மலிவான வழி வேறில்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதினாலும் செல்லும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை.

கட்டாயமானது சாட்சிதான். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர், அவர் முன்னிலையிலேயே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நீதிமன்றத்தில் தோற்கும் உயில்கள் பலவும் தடுக்கி விழும் இடம் இது. பத்திர எழுத்தர் ஒரு பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாட்சிகளை மறுநாள் வரச்சொல்லிப் போட வைத்தால் ஆபத்து. சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சியாக நிற்கக்கூடாது. சட்டம் எல்லா மதத்தாருக்கும் இதை ஒரே கண்டிப்போடு சொல்லவில்லை. ஆனாலும் வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த நூலைத்தான். சாட்சிகள் நம்மைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நல்லது. நாளைக்கு நீதிமன்றத்தில் ஏறி "நான் பார்த்தேன்" என்று சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே.

உயிலின் முதல் பத்தி ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் ஓடும்: "நான் நல்ல மனநிலையிலும் சுயநினைவிலும், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் முழு மனச் சம்மதத்துடன் எழுதிவைத்த உயில் சாசனம் என்னவென்றால்..." இது அலங்காரம் இல்லை. உயிலைத் தாக்குபவர்கள் அதன் ஒவ்வொரு சொல்லையும்தான் தாக்குவார்கள். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதைப் போக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுகிறோம் என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். "மூத்த மகனுக்கு மேற்படிப்புக்கும் வீடு வாங்கவும் ஏற்கெனவே கொடுத்துவிட்டபடியால்" என்ற ஒரு வரி பல ஆண்டு வழக்கைத் தடுக்கக்கூடும்.

பதிவு செய்தால் வெளியே தெரிந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். உயில் பதிவாவது தனிப் புத்தகத்தில். வில்லங்கச் சான்று போட்டால் அதில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர நகல் தரமாட்டார்கள். பதிவான உயில் என்பதால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதும் தவறு. காணாமல் போகாது, தேதி நிரூபணம் எளிது, அவ்வளவுதான். சென்னை நகர எல்லையில் இந்துக்களின் உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அந்தப் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தகராறு உள்ள குடும்பங்கள் இன்னமும் அதை நாடலாம்.

"வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே, உயில் எதற்கு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். பொதுவாகச் சொந்தக்காரர் அல்லர். 1983-இல் காப்பீட்டுக்கும் 2023-இல் பங்குகளுக்கும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. 2015-க்குப் பிறகு ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்று சட்டம் மாறியிருக்கிறது. வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினிகள் வரை போடலாம். நாமினியின் பெயரும் உயிலில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் அலைச்சல் பாதி குறையும்.

பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும், பிள்ளைகளின் பங்கை எழுத முடியாது. இஸ்லாமியக் குடும்பங்களில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அங்கே திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணமானதும் செல்லாமல் போகும்.

செட்டில்மெண்ட்

தான செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம். அது பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட தொகை இது. வெளியாருக்கு விற்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும் ஆகிற இடத்தில் இது மலிவுதான். அந்த மலிவைக் காட்டித்தான் "அப்பா, இப்பவே எழுதிடுங்க, பின்னால செலவு ஜாஸ்தி" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது என்பதை யாரும் சொல்வதில்லை.

எழுதிக்கொடுத்தபின் மனம் மாறினால் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் ஒரு வாசல் இருக்கிறது: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. பெற்றோருக்குச் சாதகமாகச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. நீதிபதி எப்படிப் படிப்பார் என்று காத்திருப்பதைவிட, "எங்கள் இருவரின் ஆயுட்காலம் வரை வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் எங்களுக்கே உரிமை, எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது மேல். இருக்கும் ஒரே வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதாதீர்கள் என்பது என் கருத்து. இரண்டாவது வீடு, மனை என்றால் யோசிக்கலாம்.

டிரஸ்ட்

டிரஸ்ட் என்றதும் கல்லூரி, அன்னதானம், கோயில் கட்டளை என்று பலருக்கும் தோன்றும். அவை பொது அறக்கட்டளைகள். குடும்ப டிரஸ்ட் வேறு: 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட சிலருடைய நன்மைக்காக மட்டும் ஏற்படுத்துவது. இதில் மூன்று தரப்பு: சொத்தைக் கொடுத்து ஏற்படுத்துபவர், அதை நிர்வகிக்கும் டிரஸ்டி, பலன் பெறும் பயனாளி. சொத்து டிரஸ்டியின் பெயரில் இருக்கும். ஆனால் பத்திரத்தில் சொன்னபடி பயனாளிக்கு மட்டுமே செலவழிக்க முடியும்.

ஆசிரியரின் கடைசி மகனை எடுத்துக்கொள்வோம். அவன் பங்கை நேரடியாக அவன் பெயரில் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தோம். பெரும்பாலான குடும்பங்கள் செய்வது வேறு: "தம்பியை அண்ணன் பார்த்துக்குவான்" என்று மூத்தவன் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுவது. அண்ணன் நல்லவன் என்றே வைத்துக்கொள்வோம். நாளை அவன் தொழிலில் கடன்பட்டால் அந்தச் சொத்தும் ஜப்திக்கு வரும். அவன் திடீரென்று இறந்தால் அது அவன் மனைவி மக்களுக்குப் போகும்; தம்பியைக் காப்பாற்ற வேண்டிய சட்டக் கடமை அவர்களுக்கு இல்லை. டிரஸ்டில் வைத்தால் இந்த இரண்டுமே நடக்காது. டிரஸ்ட் சொத்து டிரஸ்டியின் சொந்தக் கணக்கில் சேராது. அவனுடைய கடன்காரர் அதைத் தொட முடியாது, அவன் வாரிசுகளுக்கும் அது போகாது.

டிரஸ்ட் பத்திரத்தில் ஆறப்போட்டு யோசிக்க வேண்டியவை சில உண்டு. டிரஸ்டியாக ஒருவரை மட்டும் போடாமல் அக்காளையும் அண்ணனையும் சேர்த்தே போடலாம், மூன்றாவதாகக் குடும்பத்துக்கு வெளியே கணக்கு வழக்கு தெரிந்த ஒருவரையும். பத்திரம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டால் காசோலைகூட எழுத முடியாது. எனவே எதற்கு இருவர் கையெழுத்து போதும் என்று எழுதிவிட வேண்டும். ஒரு டிரஸ்டி இறந்தால் அடுத்தவரை யார் நியமிப்பது, வீட்டை விற்கலாமா கூடாதா, மகனின் மருத்துவம், உணவு, பராமரிப்பாளர் சம்பளம் போக மிச்சத்தை என்ன செய்வது, அவன் காலத்துக்குப் பிறகு சொத்து யாருக்கு, இவற்றுக்கெல்லாம் பத்திரத்தில் பதில் இருக்க வேண்டும். டிரஸ்டிக்கு ஊதியம் வேண்டுமானால் அதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சட்டப்படி அவர் இலவசமாக உழைக்க வேண்டியவர். முப்பது நாற்பது ஆண்டு நீளும் வேலையை இலவசமாகச் செய்யச் சொல்வது நியாயமில்லை. சின்னத் தொகையாவது போட்டுவிடுங்கள்.

இதை உயிரோடு இருக்கும்போதே ஏற்படுத்தலாம், உயில் வழியாகவும் ஏற்படுத்தலாம். இப்போதே என்றால், அசையாச் சொத்து சேரும்போது பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். டிரஸ்டுக்குத் தனி பான் எண், வங்கிக் கணக்கு, ஆண்டுக்காண்டு வருமான வரிக் கணக்கு எல்லாம் உண்டு. குடும்பச் செட்டில்மெண்டுக்கு உள்ள 1 சதவீதச் சலுகை டிரஸ்டுக்கு மாற்றும்போதும் தானாகக் கிடைக்கும் என்று நம்பிவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. உயில் வழியென்றால் இறக்கும்வரை எந்தச் செலவும் இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு நான் சொல்வது இரண்டையும் கலந்த வழி: ஒரு டெபாசிட் தொகையை மட்டும் வைத்து டிரஸ்டை இப்போதே சிறியதாகத் தொடங்கிவிடலாம், வீட்டை உயிலில் அந்த டிரஸ்டுக்கு எழுதிவைக்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அக்காளும் அண்ணனும் வரவு செலவு எழுதிப் பழகிவிடுவார்கள். யார் ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறார், யார் காட்டவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

வரியில் ஒரு கண் வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரமே தெளிவாகச் சொன்னால் அந்தப் பயனாளியின் கணக்கிலேயே வரி போடப்படும். பங்கை டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால் பொதுவாக உச்சபட்ச விகிதத்தில் வரி. உயில் வழி வந்த டிரஸ்டுக்கும் சார்ந்திருக்கும் உறவினருக்கான டிரஸ்டுக்கும் சில விலக்குகள் உண்டு. இதில் மட்டும் ஆடிட்டரிடம் போகாமல் பத்திரம் எழுதக்கூடாது. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் மரண வரியைத் தவிர்க்க டிரஸ்ட் வையுங்கள் என்று சொல்வது நமக்குப் பொருந்தாது. இங்கே அந்த வரி 1985-லேயே போய்விட்டது. கடன்காரரை ஏமாற்ற அவசரமாக டிரஸ்டுக்கு மாற்றினாலும் பலிக்காது, நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம்.

டிரஸ்ட் பணத்தைப் பார்த்துக்கொள்ளும், ஆளைப் பார்த்துக்கொள்ளாது. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்குப் பெற்றோரே ஆனாலும் தாமாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. ஆசிரியரும் மனைவியும் இப்போதே விண்ணப்பித்து ஆணை வாங்கிவிட வேண்டும். பாதுகாவலரும் டிரஸ்டியும் ஒரே ஆளாக இல்லாமலிருந்தால் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து, சம்பாதித்து, ஒற்றுமையாக இருக்கும் வீட்டுக்கு டிரஸ்ட் தேவையில்லை. இரண்டு பக்க உயில் போதும். இரண்டாம் திருமணம், மைனர் பிள்ளைகள், கடனாளி மகன், பராமரிப்பு தேவைப்படும் பிள்ளை, உடைக்க முடியாத குடும்பத் தொழில், இவற்றில் ஏதாவது இருந்தால்தான் வழக்கறிஞரிடம் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

எழுதியாயிற்று என்றால் மூலத்தை எங்கே வைப்பது? பீரோவில் வைத்தால் முதலில் பீரோவைத் திறப்பவர் கையில் அது சிக்கும். வங்கி லாக்கரைத் திறக்கவே வாரிசுப் பத்திரங்கள் கேட்பார்கள். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதி பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாது. எங்கே இருக்கிறது என்பதை உயிலை நிறைவேற்ற நியமித்தவரிடம் சொல்லிவைத்தால் போதும். கடைசியாக எழுதியதே செல்லும் என்பதால், பழைய உயில் பதிவானதாக இருந்தாலும் பின்னால் வெள்ளைத்தாளில் முறையாக எழுதிய உயில் அதை மீறும். "இதற்கு முன் எழுதிய உயில்கள் எல்லாவற்றையும் ரத்து செய்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். உயிலில் குறிப்பிட்ட வீட்டை இடையில் விற்றுவிட்டால் அந்தப் பத்தி வீணாகிவிடும், விற்ற பணம் அதே ஆளுக்குத் தானாகப் போகாது. வீடு கைமாறிய வாரமே உயிலைத் திருத்தி எழுதி, புதிய சாட்சிகளிடம் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும்.